குடமும் குயவனும்: ஜகத்காரணத்தைப் பற்றிப் பூர்வாசாரியர்கள் காட்டிய வழி

கடலூருக்கு மேற்கே, கெடில நதிக்கரையில், ஔஷதகிரியின் அடிவாரத்தில், அடியவர்க்கு மெய்யனான தேவநாதன் செங்கமலத் தாயாருடன் எழுந்தருளியிருக்கும் திருவஹீந்திரபுரம் நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டனுள் ஒன்று. அதற்குத் தெற்கே, தில்லையம்பதியில், குலசேகராழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த திருச்சித்திரகூடத்தில் கோவிந்தராஜன் அரவணைமேல் பள்ளிகொண்டருளுகிறான். சிதம்பரத்திற்கு மேற்கே வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயில், திவ்யப் பிரபந்தத்தை உலகிற்கு மீட்டுத் தந்த நாதமுனிகளும் அவருடைய திருப்பேரனாரான ஆளவந்தாரும் அவதரித்த ஊராகும்.

இம்மூன்று தலங்களையும் ஒருங்கே நினைக்கும்போது ஒரு கேள்வி முன் வந்து நிற்கிறது. இவ்வுலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பது யுக்தியினால் நாட்டத்தக்கதா, அன்றிச் சாஸ்திரம் ஒன்றினாலேயே அறியத்தக்கதா என்பதே அக்கேள்வி. இதற்கு ஆளவந்தார் ஒரு வழியில் விடை தேடினார். எம்பெருமானார் வேறொரு வழியில் விடை அருளினார். திருவஹீந்திரபுரத்தில் பல்லாண்டுகள் எழுந்தருளியிருந்த ஸ்வாமி தேசிகன் எம்பெருமானார் வழியைக் காத்து நிலைநிறுத்தினார். கடவுட்கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் இன்றளவும் வாதிட்டுவரும் பொருள் இதுவாதலின், ஆசாரியர்கள் சென்ற வழியைச் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

ஆளவந்தார் காட்டிய யுக்தி

ஆளவந்தார் அருளிச்செய்த நூல்களுள் ஸித்தித்ரயம் என்பது ஒன்று. ஆத்மஸித்தி, ஈச்வரஸித்தி, ஸம்வித்ஸித்தி என மூன்று பகுதிகளை உடையது அது. இவற்றுள் ஈச்வரஸித்தி, இறைவன் இல்லை என்று வாதிட்ட மீமாம்ஸகர்களுக்கு மறுமொழியாக எழுந்தது. வேதத்தைப் பிரமாணமாகக் கொண்டவர்களே மீமாம்ஸகர்கள். எனினும், வேள்விகளே தத்தம் பயனைத் தரவல்லன. உலகம் என்றும் இவ்வாறே இருந்து வருகிறது. அதற்கு ஒரு தொடக்கமும் இல்லை, படைத்தவனும் வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி.

இதற்கு ஆளவந்தார் கூறும் மறுமொழியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வாறாகும். அவயவங்கள் கூடி அமைந்த பொருள் எதுவோ அது ஆக்கப்பட்ட பொருளாகும். குடம் அவ்வாறு அமைந்தது. மாளிகை அவ்வாறு அமைந்தது. மண்ணும் மலையும் உடலும் அவயவங்களை உடையனவே. ஆதலின் அவையும் ஆக்கப்பட்டவையே ஆகவேண்டும். ஆக்கப்பட்ட பொருளுக்கு ஆக்குவோன் வேண்டும். அவன் அப்பொருளுக்குரிய மூலப்பொருளையும், கருவிகளையும், பயனையும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும். இவ்வுலகிற்குரிய மூலப்பொருளையும் பயனையும் முற்ற அறிந்தவன் எவனோ அவனே ஸர்வஜ்ஞன்.

மீமாம்ஸகர் இதற்கும் ஒரு தடை கூறுவர். உயிர்கள் செய்த புண்ணிய பாபங்களே உலகை நடத்தப் போதுமானவை. தனியே ஒரு கர்த்தா எதற்கு என்பது அத்தடை. புண்ணிய பாபங்கள் அறிவில்லாதவை என்பதை ஆளவந்தார் எடுத்துக்காட்டுகிறார். அறிவில்லாத வாய்ச்சி, தச்சன் கைப்படாமல் மரத்தைச் செதுக்குவதில்லை. உயிர்களோ தாம் செய்த வினை இன்னது, அதன் பயன் இன்னது என்று அறியமாட்டா. ஆகவே எல்லா வினைகளையும் கண்டறிந்து பயன்களை முறைப்படுத்தும் ஒருவன் வேண்டும் என்று அவ்வாதம் செல்கிறது. இன்று கிடைக்கும் ஈச்வரஸித்தி நூல் இடையிலேயே நின்றுவிடுகிறது. எனினும், கிடைத்த அளவிலேயே அது கூரிய யுக்தி நூலாக விளங்குகிறது.

எம்பெருமானார் எழுப்பிய வினா

ப்ரஹ்மஸூத்ரங்களுக்கு ஓர் உரை இயற்றப்பட வேண்டும் என்பது ஆளவந்தாரின் திருவுள்ளமாக இருந்தது என்றும், அக்குறையைத் தீர்க்கவே எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தை அருளிச்செய்தார் என்றும் குருபரம்பரை கூறும். அந்த ஸ்ரீபாஷ்யத்திலேயே, சாஸ்த்ரயோநித்வாதிகரணம் என்னும் பகுதியில், இறைவனை அனுமானத்தினால் நாட்டலாம் என்னும் கட்சியை எடுத்துக்கொண்டு, அது நிலைபெறாது என்று எம்பெருமானார் முடிவு செய்கிறார். மேற்போக்காகப் பார்ப்போர்க்கு இது வியப்பைத் தரும்.

அவர் காட்டும் தடைகளை இவ்வட்டாரத்துக் காட்சி ஒன்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். காட்டுமன்னார்கோயிலை அடுத்துப் பரந்து கிடக்கும் வீரநாராயண ஏரியை இன்று வீராணம் என்று வழங்குகிறோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், அவனுடைய வீரநாராயணன் என்னும் விருதுப் பெயரால் அமைந்தது அது. நெடிய அதன் கரையைக் காணும் வழிப்போக்கன், இது தானே உண்டானதன்று, மக்களால் ஆக்கப்பட்டது என்று எளிதில் அறிவான். ஆனால் ஆக்கியவன் ஒருவன்தான் என்று அவனால் சொல்ல இயலுமா? மண் சுமந்தோர் எத்தனை பேர்? மதகு கட்டியோர் எத்தனை பேர்? பின்வந்த நூற்றாண்டுகளில் கரையைப் பலப்படுத்தியோர் எத்தனை பேர்? கரையைக் கண்ட மாத்திரத்தில் இவற்றுள் எதனையும் துணிந்து கூற முடியாது. ஏரி ஆக்கப்பட்டது என்ற அளவோடு அனுமானம் நின்றுவிடும்.

எம்பெருமானார் எழுப்பும் முதல் தடையும் இத்தன்மையதே. உலகம் முழுவதும் ஆக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டாலும், அது ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டது என்பதற்கு யுக்தி எங்கே உள்ளது? பல காலங்களில் பலர் ஆக்கியிருக்கலாம் அன்றோ? மிகுந்த புண்ணியத்தினால் பேராற்றல் பெற்ற உயிர்கள் சிலவே பகுதி பகுதியாக ஆக்கியிருக்கலாம் என்று ஒருவன் சொன்னால் அவனை யுக்தியால் மறுப்பது எவ்வாறு?

இரண்டாவது தடை இன்னும் கூரியது. உலகில் ஒன்றைச் செய்வோர் அனைவரும் உடலுடையோராகவே காணப்படுகின்றனர். குயவனுக்குக் கை உண்டு. குயவனை உவமையாகக் காட்டி இறைவனை நாட்டப்புகுந்தால், அவனும் உடலுடையவன் என்றே முடியும். அவ்வுடல் அவயவங்களால் ஆனதாயின், முற்கூறிய முறைப்படி அதனை ஆக்கியவன் ஒருவன் வேண்டும். உடலில்லாதவன் என்றால் உவமை பொருந்தாது. எப்பக்கம் திரும்பினும் அனுமானம் இடறுகிறது.

இத்தடைகளை எழுப்பியவர் நாத்திகர் அல்லர் என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும். குயவனைக் கண்டு ஊகித்த கடவுள், பெரியதொரு குயவனாகவே இருப்பான். அவனுக்குக் களிமண் வெளியிலிருந்து வரவேண்டும், சக்கரம் வேண்டும், அவனது அறிவும் ஆற்றலும் அளவுபட்டே இருக்கும். உபநிஷத்துக்கள் கூறும் பரம்பொருளோ அத்தகையது அன்று. சிறிய அளவுகோலால் அளந்து சிறிய கடவுளைப் பெறுவதினும், அவனை உள்ளபடி காட்டும் வேதத்தின் வாயிலாகவே அறிவது தக்கது என்பது எம்பெருமானார் திருவுள்ளம்.

அங்ஙனமாயின் ஆளவந்தாரின் யுக்தி வீணாயிற்றோ எனின், ஆகாது. இறைவன் இல்லை என்று யுக்தியின் பெயரால் மறுப்பவனுக்கு, உன் மறுப்பு யுக்திக்கு ஒத்தது அன்று என்று காட்டுவதற்கு யுக்தியே வேண்டும். வேலி பயிரை விளைவிப்பதில்லை. ஆயினும் வேலியில்லாத பயிர் வீடு வந்து சேர்வதில்லை. சாஸ்திரம் பயிர், தர்க்கம் வேலி என்று கொண்டால், இரு ஆசாரியர்களின் வாக்கும் தத்தம் இடத்தில் பொருந்தும்.

மேனாட்டில் எழுந்த அதே வினா

எம்பெருமானார் காலத்திற்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், ஸ்காட்லாந்து நாட்டில் டேவிட் ஹ்யூம் என்னும் தத்துவ அறிஞர் ஏறத்தாழ இதே தடையை எழுப்பினார். அவர் மறைந்த பின் 1779இல் வெளிவந்த இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல் நூலில், ஒரு கப்பலைக் கட்டப் பலர் சேர்வதுபோல, உலகைப் பல தெய்வங்கள் சேர்ந்து ஆக்கியிருக்கலாகாதா என்ற வினா இடம்பெறுகிறது. அதன் பின்னரும் 1802இல் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார், வழியிற் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டால் அதனைச் செய்தவன் உண்டு என்று அறிவதுபோல, உயிர்களின் உடலமைப்பைக் கண்டு படைத்தவனை அறியலாம் என்று எழுதினார். 1859இல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட நூல், அவ்வமைப்புகள் தலைமுறை தலைமுறையாக இயற்கைத் தேர்வினால் உருவாகும் முறையை விளக்கியது. பேலியின் கடிகாரத்தையே தம் பற்றுக்கோடாகக் கொண்டிருந்தோர் பலர் அதனால் கலக்கமுற்றனர்.

ஸ்ரீபாஷ்யம் கற்றவனுக்கு இக்கலக்கம் வருவதற்கு இடமில்லை. உடலமைப்பின் நுட்பம் ஒன்றையே நம்பி இறைவனை ஏற்றவன், அந்நுட்பத்திற்கு வேறு விளக்கம் கிடைத்த அன்றே இறைவனை இழக்கிறான். சாஸ்திரத்தின் வாயிலாக ஏற்றவனுக்கோ, அந்த விளக்கமும் எம்பெருமானுடைய ஸங்கல்பம் செயற்படும் முறைகளுள் ஒன்றாகவே தோன்றும்.

மண்ணும் அவனே, வனைபவனும் அவனே

சாஸ்திரம் காட்டும் ஜகத்காரணன் எத்தகையவன் என்பதை இனிக் காண்போம். ஒரு குடம் உண்டாக மூன்று காரணங்கள் வேண்டும். குடமாக மாறும் மண் உபாதான காரணம். வனையும் குயவன் நிமித்த காரணம். தண்டும் சக்கரமும் ஸஹகாரி காரணம். உலகில் இம்மூன்றும் வெவ்வேறாக இருக்கக் காண்கிறோம். ப்ரஹ்மமோ இம்மூன்று காரணமும் தானேயாய் நிற்கிறது என்பது விசிஷ்டாத்வைத ஸித்தாந்தம்.

இது எவ்வாறு கூடும்? சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் குமாரன் ச்வேதகேதுவுக்கு ஒரு மண்ணுருண்டையை அறிந்தால் மண்ணாலான அனைத்தையும் அறியலாம் என்று உபதேசித்து, தொடக்கத்தில் ஒன்றாயிருந்த ஸத் என்னும் பொருளே பலவாக விரிய ஸங்கல்பித்தது என்று காட்டுகிறார். முண்டக உபநிஷத்து, வெளியிலிருந்து நூல் வாங்காமல் தன்னிடமிருந்தே வலையை வெளியிட்டு மீண்டும் தன்னுள் வாங்கிக்கொள்ளும் சிலந்தியை உவமை காட்டுகிறது.

ப்ரஹ்மமே உலகாக மாறுகிறது என்றால் உலகின் குறைகள் அதனைப் பற்றாவோ என்று சிலர் ஐயுறுவர். இதற்கு விடையே சரீர சரீரி பாவமாகும். அறிவுடைய உயிர்களும் அறிவில்லாப் பொருள்களும் எம்பெருமானுக்குச் சரீரம்; அவன் அவற்றுக்குள் நின்று நடத்தும் ஆத்மா. பிரளய காலத்தில் அவை பெயரும் உருவமும் இன்றி நுண்ணிய நிலையில் அவனைப் பிரியாமல் கிடக்கின்றன. படைப்புக் காலத்தில் அவையே பெயரும் உருவமும் பெற்று விரிகின்றன. குழந்தை வளர்ந்து முதியவன் ஆகும்போது மாற்றம் உடலுக்கே அன்றி ஆத்மாவுக்கு இல்லாததுபோல, விகாரம் சரீரத்தைச் சாரும். சரீரியான எம்பெருமானைச் சாராது. ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் தோன்றியது என்பதும், அவனுக்குப் புறம்பான பொருளைக் கொண்டு அவன் உலகைச் செய்தான் என்பதும் இச்ஸித்தாந்தத்திற்கு உடன்பாடு அல்ல.

திருச்சித்திரகூடத்துக் கோவிந்தராஜனைச் சேவிப்போர் இத்தத்துவத்தையே கண்ணாரக் காண்கின்றனர். அரவணையில் யோக நித்திரை கொண்ட எம்பெருமானின் திருநாபியினின்று தாமரை எழ, அத்தாமரையில் நான்முகன் தோன்றுகிறான். தாமரை வேறெங்கிருந்தும் கொண்டுவந்து நடப்பட்டதன்று. படைக்கும் தொழிலைச் செய்யும் நான்முகனும் அவனிடமிருந்தே தோன்றியவன். மூன்று காரணமும் ஒருவனே என்னும் ஸ்ரீபாஷ்ய ஸித்தாந்தத்தைக் கல்லாதோரும் ஒரு நொடியில் உணரும்படி அமைந்தது அத்திருக்கோலம்.

விஞ்ஞானமும் சாஸ்திரமும்

இந்நாளில் அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்றும், பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்றும் விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, மனிதன் தோன்றுவதற்கு மிக முற்பட்ட காலத்துத் தாவரங்கள் புதைந்து உண்டானது. புராணங்கள் நான்முகனின் ஒரு பகலாகிய கல்பத்தை 432 கோடி ஆண்டுகள் என்று கணக்கிடுகின்றன. பூமியின் வயதோடு இவ்வெண் நெருங்கி நிற்பதைக் கண்டு மகிழ்ந்து, விஞ்ஞானமே சாஸ்திரத்தை மெய்ப்பித்துவிட்டது என்று பேசுவோர் உண்டு. அம்மகிழ்ச்சி நல்லெண்ணத்தில் எழுந்ததேயாயினும், எம்பெருமானார் விலக்கிய வழியிலேயே மீண்டும் கால்வைப்பதாகும். விஞ்ஞானக் கணக்கு ஆராய்ச்சிக்கு ஏற்ப மாறவல்லது. இன்று பொருந்துவதைப் பிரமாணமாகக் கொண்டவன், நாளை அது பொருந்தாதபோது எங்கே நிற்பான்?

பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்த ஜார்ஜ் லெமேத்ர் கிறிஸ்தவப் பாதிரியாராகவும் பௌதிக விஞ்ஞானியாகவும் விளங்கியவர். அண்டம் விரிந்துகொண்டே இருக்கிறது என்பதை 1927இல் எழுதியவரும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931இல் கூறியவரும் அவரே. 1951இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசியபோது, லெமேத்ர் அதனை விரும்பவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் கருத்து. தம் நம்பிக்கையில் உறுதியாக இருந்த ஒருவரே இவ்வாறு கூறினார் என்பது சிந்திக்கத்தக்கது. உலகம் எவ்வாறு விரிந்தது என்பதை விஞ்ஞானம் ஆராயட்டும். எவனுடைய ஸங்கல்பத்தால், யாருடைய நன்மைக்காக விரிந்தது என்பதையே சாஸ்திரம் கூறுகிறது.

கோணற் செங்கற்களும் இனிய நீரும்

இனி எஞ்சி நிற்பது எல்லாவற்றிலும் கடினமான வினா. கருணைக்கடலான எம்பெருமான் படைத்த உலகில் துன்பம் ஏன்? இக்கரையோர மக்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கடலூர்க் கரையில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. இவற்றைக் கண்டவன், படைத்தவன் ஒருவன் உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. உண்டெனில் அவன் இரக்கமுடையவனா என்றும் கேட்கிறான்.

ப்ரஹ்மஸூத்ரகாரர் இவ்வினாவை மறைக்கவில்லை. படைப்பு எம்பெருமானுக்குத் திருவிளையாட்டு என்று கூறிய உடனேயே, அவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் வந்து சேராவோ என்ற தடையைத் தாமே எழுப்பி, உயிர்களின் வினையை நோக்கியே படைப்பு நிகழ்வதால் வாரா என்றும், அவ்வினைத் தொடர்ச்சிக்குத் தொடக்கம் இல்லை என்றும் விடை கூறுகிறார். மழை எல்லாப் பயிருக்கும் பொது. ஒன்று நெல்லாகவும் ஒன்று கரும்பாகவும் விளைவது விதையின் வேறுபாட்டால் என்று பெரியோர் இதனை விளக்குவர்.

திருவஹீந்திரபுரத்தில் வழங்கும் வரலாறு ஒன்று இதனை இன்னும் தெளிவாக்கும். ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்று போற்றப்பட்ட ஸ்வாமி தேசிகனை ஒரு கொத்தர் அணுகி, எல்லாக் கலையும் அறிந்தவராயின் ஒரு கிணறு கட்டிக் காட்டும்படி கேட்டார் என்றும், கோணலும் மாணலுமான செங்கற்களையே கொடுத்தார் என்றும், ஸ்வாமி அவற்றையே இசைவாக அடுக்கிக் கிணற்றைக் கட்டி முடித்தார் என்றும் கூறுவர். ஸ்வாமியின் திருமாளிகையில் அக்கிணறு இன்றும் சேவிக்கப்படுகிறது.

செங்கல்லின் கோணல் கட்டியவருடைய குற்றம் அன்று. அக்கோணலையும் தள்ளிவிடாமல் உரிய இடத்தில் வைத்து, தாகம் தீர்க்கும் நீர்நிலையாக முடித்ததே அவருடைய பெருமை. உயிர்கள் அநாதியாகக் கொண்டுவந்த கர்மம் கோணற் செங்கல் போன்றது. எம்பெருமான் அதனைக் கொண்டே உலகை அமைக்கிறான். உடலும் கரணங்களும் இன்றிப் பிரளயத்தில் அறிவிழந்து கிடந்த உயிர்களுக்கு மீண்டும் உடலும் அறிவும் தந்து, தன்னை அடையும் வழியில் செலுத்துவதற்காகவே அவன் படைக்கிறான். ஆகவே படைப்பு என்பது முதற்கண் ஒரு தயையின் செயலே. கிணற்றின் உட்சுவரை மட்டும் பார்ப்பவன் கோணலைக் காண்கிறான். நீர் மொண்டு பருகியவன் பயனைக் காண்கிறான்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வினைக்கொள்கை, துன்புற்றவனை நோக்கி, இது உன் வினை என்று சொல்லிவிட்டு விலகிப்போவதற்காக ஏற்பட்டது அன்று. தன் துன்பத்தில் இறைவனைப் பழிக்காதிருக்க அது உதவும். பிறர் துன்பத்தில் கைகட்டி நிற்பதற்கு அது காரணம் ஆகாது. தன்னலம் கருதாமல் பிறர் துன்பத்தை நீக்க விரும்புவதே தயை என்று ஸ்வாமி தேசிகன் தெளிவாக்கியுள்ளார். படைத்தவன் தயாளு என்று நம்புகிறவன், அலையில் வீடிழந்தவனுக்கு ஒரு கூரை அமைத்துத் தருவதிலும் புயலில் மரமிழந்தவனுக்கு ஒரு கன்று கொடுப்பதிலும் அந்நம்பிக்கையை மெய்யாக்குகிறான்.

முடிவுரை

ஆளவந்தாரின் யுக்தி, உலகிற்கு ஒரு காரணன் வேண்டும் என்று எண்ணுவது அறிவுக்குப் பொருந்தாதது அன்று என்பதைக் காட்டுகிறது. எம்பெருமானாரின் ஆராய்ச்சி, அவ்வெண்ணம் தனித்து நின்று அவனை முழுதும் காட்டமாட்டாது என்பதையும், வேதமே அவனை உள்ளபடி உணர்த்தும் என்பதையும் நிலைநாட்டுகிறது. ஸ்வாமி தேசிகனின் வாக்கும் வாழ்வும், அவ்வாறு உணர்ந்தவன் செய்யத்தக்கது சரணாகதியும் அடியார்க்குத் தொண்டுமே என்பதை அறிவுறுத்துகின்றன. குடத்தைக் கண்டு குயவனை ஊகிப்பது அறிவின் முதற்படி. குடமும் தானாய், குயவனும் தானாய், குடத்தில் நிறைந்த நீரும் தானாய் நிற்பவனைப் பற்றுவதே அதன் முடிந்த படி.

உத்ஸவ காலத்தில் திருவீதி எழுந்தருளும் எம்பெருமானைச் சேவிக்கும் அன்பர்கள், தேடி ஊகிக்கவேண்டிய காரணப்பொருள் தேடுவாரை நாடித் தானே வீதிக்கு வந்து நிற்பதை எண்ணி நெஞ்சுருகுவார்களாக. செங்கமலத் தாயாரோடு கூடிய தேவநாதனும், திருச்சித்திரகூடத்துக் கோவிந்தராஜனும் அனைவர்க்கும் நன்மை அருள்வார்களாக.

சுபம்